மூத்த மாப்ளை மூஞ்சிக்கு லேசர்

மச்சினி கல்யாணத்துல எடுக்குற போட்டோல நான்தான் அழகா இருக்கணும். இதுதான் இந்த வருஷம் நான் எடுத்த ஒரே பெரிய தீர்மானம். மாப்ளை இல்ல. பொண்ணு இல்ல. நான்.

சிரிக்காதீங்க. உங்களுக்கு ஒரு சகலை வந்தா அப்பத் தெரியும்.

மாமல்லபுரத்துல என் மாமனார் வூடு. கல்லுப்பட்டறை வெச்சிருக்காரு, பேரு சம்பத். ரெண்டு பொண்ணு. மூத்தவ சங்கரி, என் பொண்டாட்டி. சின்னவ வைஷாலி. கல்யாணம் ஆன நாள்லருந்து அந்த வூட்டுக்கு ஒரே மாப்ள நான்தான். ராஜ மரியாதை. வஞ்சிரம் வாங்குனா நடுத்துண்டு எனக்கு. நண்டு வாங்குனா பெரிய காலு எனக்கு. ஃபேன் எந்தப் பக்கம் திரும்பணும்னு நான்தான் சொல்லணும். கரண்ட் போனா கூட, "மாப்ளைக்கு வேர்க்குது பாரு"ன்னு தான் மாமனார் ஈ.பி.க்கு போன் பண்ணுவாரு.

அப்பதான் வந்தான் அருணகிரி. வைஷாலிக்குப் பாத்த பையன்.

பேரக் கேட்டா பட்டை போட்டுகினு கோயில்ல பாடுற தாத்தா மாதிரி தோணுதுல்ல? ஆளப் பாத்தா சோப்பு விளம்பரம். கன்னத்துல ஈ உக்காந்தா வழுக்கி வுழும். எனக்கு? பத்தாவது படிக்கும்போது ஆரம்பிச்ச பரு, காலேஜ் முடியற வரைக்கும் குடும்பத்தோட தங்கி, காலி பண்ணும்போது செவுத்துல ஆணி அடிச்ச ஓட்டையெல்லாம் அப்டியே வுட்டுட்டுப் போயிடுச்சி.

நிச்சயதார்த்த போட்டோ எடுத்தது என் ஃப்ரெண்டு ஜோஷ்வா. கருங்குழில ஜி.எஸ்.டி. ரோட்டு மேலயே ஸ்டூடியோ வெச்சிருக்கான். சகலைங்க ரெண்டு பேரும் தோள் மேல கை போட்டு நிக்கிற போட்டோவ ஸ்க்ரீன்ல பெருசு பண்ணான். நான் பாத்தேன். அவன் என்னப் பாத்தான்.

"மச்சான், தப்பா எடுத்துக்காத. இந்த புது கேமராவுக்கு மனசாட்சியே கெடையாது."

"எடிட் பண்ணேன்டா."

"பண்ணிப் பாத்துட்டேன் மச்சான். உன் கன்னத்தாண்ட வந்ததும் சிஸ்டம் நின்னு போவுது."

"அவ்ளோ மோசமாவா கீது?"

"சேச்சே. மழை வுட்ட அப்புறம் சர்வீஸ் ரோடு இருக்கும்ல? அவ்ளோதான்."

மாமனார் அதுக்கு மேல. போட்டோவ கைல வாங்கி, கண்ணாடிய ஏத்தி வுட்டு, கல்லப் பாக்குற மாதிரி பாத்தாரு. "மூத்த மாப்ள கன்னம் புள்ளி உளி போட்ட கல்லாட்டம் கீது. சின்ன மாப்ள பாலிஷ் போட்ட கல்லு"ன்னாரு. என் மூஞ்சி போன போக்கப் பாத்துட்டு, "சொரசொரப்புக் கல்லுதாம்பா உறுதி"ன்னு ஆறுதல் வேற.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நான் முன்னாடி நின்னேன். முடி. அருணகிரிக்கு நெத்தி மேல ஏறிகினே போவுது. காதாண்டருந்து கொஞ்சம் முடிய இஸ்து முன்னாடி பரப்பி வெச்சிருப்பான். ஃபேன் போட்டா எந்திரிச்சி வேற ரூமுக்குப் போயிடுவான். எனக்கு? சீப்பு வுட்டா சீப்பு ஒடையும். ஆக முடி என் கைல கீது. மூஞ்சிய மட்டும் சரி பண்ணிட்டா ஆட்டம் முடிஞ்சிது. நடுத்துண்டு எனக்குத்தான்.

நாங்க குடியிருக்குற செங்கல்பட்டுலயே ஸ்கின் கிளினிக் இருக்குது. லேசர் வெச்சி மேல் தோல எடுத்துட்டு புதுத் தோலு வரவெப்பாங்கன்னு எத்தினி வீடியோ பாத்தேன் தெரியுமா! கல்யாணத்துக்கு ஒரு மாசத்துக்கு மேல இருந்துது. எல்லாம் கூடி வந்துச்சி. ஒரே ஒரு பேஜாரு. சங்கரி.

ஏன்னா அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் இது நடந்துச்சி.

"ஷ்யாமு, கன்னத்துல மங்கு வுழுந்துருக்குது பாரு. ஸ்கின் டாக்டராண்ட போலாமா? கல்யாணம் வருது."

"சங்கரி, மூஞ்சில இன்னா கீது? மனசுதான் அழகு."

"மனசு போட்டோல வுழுமா?"

"நல்ல கேமராவா இருந்தா வுழும்."

அதோட நிறுத்துனனா? இல்ல. அரமணி நேரம் பேசினேன். அழகுக்கு அலையறது அடிமைத்தனம்னேன். தோலு வெறும் உறைன்னேன். உள்ள இருக்குற லெட்டர் தான் முக்கியம்னேன். அவ ஒண்ணுமே பேசாம வெங்காயம் அரிஞ்சிகினு இருந்தா. பொண்டாட்டி பேசாம இருந்தா நாம ஜெயிச்சிட்டோம்னு அர்த்தம்னு நெனச்சேன். அப்பல்லாம் நான் அவ்ளோ வெகுளி.

அதனால ரகசிய ஏற்பாடு. சங்கரிகிட்ட "ஆபீஸ்ல பெங்களூர் ட்ரெயினிங், ஒரு வாரம்"னு சொல்லிடறது. லேசர் பண்ணிக்கறது. கருங்குழில ஜோஷ்வா ஸ்டூடியோ மாடில பதுங்கறது. ஆபீஸ் வேலைய அங்கருந்தே லேப்டாப்ல பாக்கறது. ஒரு வாரம் கழிச்சி நெலா மாதிரி வூட்டுக்கு வர்றது. "இன்னாய்யா இப்டி பளபளன்னு கீற?"ன்னு கேட்டா, "பெங்களூர் தண்ணி"ன்றது.

(இருங்க, மேனேஜர் மெசேஜ் போடறாரு. "இரண்டு நிமிடம்"னு அனுப்பிட்டேன். நாம தொடருவோம்.)

டாக்டர் பேரு சுஜாதா. பொறுமையா எல்லாத்தையும் சொன்னாங்க. பிரச்சனை அவங்க வாயில இல்ல, என் காதுல.

"ஒரே தடவைல தழும்பு மொத்தமா போவாது, கொறையும். மொதல்ல செவக்கும், வீங்கும், கொஞ்சம் நீர் கசியும். அப்புறம் பழுப்பாயி உரியும். அரிக்கும், பிக்கக் கூடாது. வெயில் ஆகவே ஆகாது, நம்ம தோலு வெயில் பட்டா கறுத்துடும். சன்ஸ்கிரீன் கண்டிப்பா போடணும். முழு ரிசல்ட் தெரிய சில மாசம் ஆவும்."

இதுல என் காதுல வுழுந்தது: "தழும்பு... போவும்... முழு ரிசல்ட்..."

"டாக்டர், ரெண்டு நாள்ல வெளிய போலாமா?"

"போலாம். எதுக்க வர்றவங்க பயப்படாம இருந்தா."

டாக்டருக்கு நல்ல காமெடி சென்ஸுன்னு நெனச்சி சிரிச்சேன். அவங்க சிரிக்கல.

மூஞ்சி பூரா மரத்துப்போற கிரீம் தடவி உக்கார வெச்சாங்க. ஒதடு எங்க கீதுன்னே தெரியல. அந்த நேரம் பாத்து ரிசப்ஷன் பொண்ணு வந்து, "சார், வீட்டு ஆளு ஒருத்தர் நம்பர் சொல்லுங்க, அவசரத்துக்கு"ன்னா. இந்தக் காலத்துல யாருக்குங்க யாரு நம்பர் ஞாபகம் கீது? எனக்கு மனப்பாடமா வர்றது ஒரே ஒரு நம்பர்தான். கொழகொழன்னு சொன்னேன். எழுதிகினு போயிட்டா.

கண்ண மூடி மேல மூடி போட்டாங்க. மெஷின் ஆரம்பிச்சிது. ரப்பர் பேண்ட நெருப்புல காட்டி மூஞ்சில சுண்டி சுண்டி வுட்டா எப்டி இருக்கும்? அப்டி. எங்கியோ கோழி வாட்டுற வாசனை வந்துச்சி. மத்தியானம் ஆச்சே, யாரோ சாப்பாடு கட்டிகினு வந்துருக்காங்கன்னு நெனச்சேன். அப்புறம்தான் புரிஞ்சிது, கோழி நான்தான்.

ஜோஷ்வா கார் எடுத்துகினு வந்தான். கதவத் தொறந்தவன் தொறந்த மேனிக்கு நின்னுட்டான்.

"மச்சான்... தக்காளிய யாரு மிதிச்சது?"

"ஏறுடா. ஓட்டுடா. யாரு எப்ப கேட்டாலும், லேசர்னு ஒரு வார்த்த உன் வாயிலருந்து வரக் கூடாது. பெங்களூர். சத்தியம் பண்ணு."

"உயிரே போனாலும் சொல்ல மாட்டேன் மச்சான்."

மறுநாள் வீங்கிடுச்சி. கண்ணு ரெண்டும் பணியாரத்துல கீறு போட்ட மாதிரி ஆயிடுச்சி. தண்ணி குடிக்க கீழ எறங்குனேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்த ஒரு கொழந்த என்னப் பாத்துட்டு வீல்னு கத்தி, அன்னிக்கு பூரா அது கேமராவ பாக்கல. ஜோஷ்வா கையெடுத்துக் கும்புட்டான். "மச்சான், தொழில் படுத்துடும். மாடியவுட்டு எறங்காத."

சரின்னு மாடில உக்காந்து லேப்டாப்ப தொறந்தா, சார்ஜர காணோம். வூட்லயே வுட்டுட்டு வந்துட்டேன்! மேனேஜர் போன் மேல போன். பேட்டரி செகப்புக் கோட்டுல நிக்குது. அதுவும் என் மூஞ்சி கலர்ல.

சங்கரிக்கு ஈ.சி.ஆர்ல ஒரு ரிசார்ட்ல ரிசப்ஷன் வேல. காலைல போனா சாயங்காலம்தான் வருவா. மத்தியானம் வூட்ல யாரும் இல்ல. டப்புனு போயி சார்ஜர எடுத்துகினு டப்புனு வந்துடலாம். மூஞ்சில துண்டு, துண்டு மேல கண்ணாடி, கண்ணாடி மேல தொப்பி. ஜோஷ்வா பைக்க எடுத்துகினு செங்கல்பட்டு போயி, மாடிப்படில பூனை மாதிரி ஏறுனேன்.

"யார்ரா அது! திருடன்! திருடன்!"

ஹவுஸ் ஓனர் சியாமளா அக்கா. கீழ் வூடு. கைல தொடப்பக் கட்டை.

"அக்கா, அடிக்காதீங்க! நான்தாங்கா, ஷ்யாம்!"

துண்ட எறக்குனேன். அக்கா கைலருந்து தொடப்பம் நழுவுச்சி. ரெண்டு கையும் கன்னத்துக்குப் போச்சி.

"ஐயோ... ஆத்தா! ஆத்தா எறங்கிட்டாளேடா உன் மேல!"

அந்த ஒரு செகண்டுல என் மூளை எப்டி ஓடுச்சி தெரியுமா? லேசர்னு சொன்னா அக்கா வாயிலருந்து அது சங்கரி காதுக்குப் போற தூரம் ஒரு போன் கால். அரமணி நேர பிரசங்கம் மொத்தமும் திரும்பி வந்து என்ன அடிக்கும். அம்மைன்னா? பாவம்பாங்க. எளநீர் குடுப்பாங்க.

"ஆமாங்கா. ஆத்தாதான். பெங்களூர்லயே வந்துட்டா."

"பெங்களூரு குளுகுளுன்னு இருக்குமேடா, அங்க எப்டி?"

"ஏ.சி. சூடுக்கா."

அக்கா அப்பவே போன எடுத்துட்டாங்க. சங்கரி பர்மிஷன் போட்டுட்டு ஓடி வந்தா. வாசப்படிலயே நின்னு என்னப் பாத்தா. அவ ஒதடு துடிச்சிது. கண்ணு கலங்குச்சி. கிச்சனுக்குள்ள ஓடி, கொழாய முழுசா தொறந்து வுட்டா. தண்ணி சத்தத்துக்கு நடுவுல விக்கி விக்கி ஒரு சத்தம். சே, இவ்ளோ பாசம் வெச்சிருக்கவள ஏமாத்துறோமேன்னு எனக்கே கண்ணுல தண்ணி. அது வேற மூஞ்சில எறங்கி எரிஞ்சிது.

மூஞ்ச கழுவிகினு வெளிய வந்தா.

"எப்ப வந்துச்சி ஷ்யாமு?"

"நேத்து."

"பாவம். மூஞ்சில மட்டும் கீது. கைல இல்ல, கழுத்துல இல்ல."

"அது... ஆத்தா இஷ்டம்."

"ஆமா. காதாண்ட கோடு கிழிச்ச மாதிரி கரெக்டா நின்னுட்டா பாரு. புருவத்தக் கூட சுத்திகினு போயிருக்கா. நல்ல கைப்பக்குவம் ஆத்தாவுக்கு."

"சங்கரி, சாமி விஷயம். கிண்டல் பண்ணாத."

"ச்சே ச்சே. நான் ஏன் பண்ணப் போறேன்?"

அன்னிலருந்து ஆரம்பிச்சிது சட்டதிட்டம். சியாமளா அக்கா ஒண்ணு சொன்னா சங்கரி ஒண்ணேகால் சொல்லுவா. வாசல்ல வேப்பிலைக் கொத்து. பாய் மேல வேப்பிலை. ஜன்னல் பூரா ஸ்க்ரீன். தாளிக்கக் கூடாது. வறுக்கக் கூடாது. சீப்பு தொடக் கூடாது. லேப்டாப் கண்ணுக்கு ஆவாது. மேனேஜருக்கு சங்கரியே போன் பண்ணி லீவு சொல்லிட்டா. அவரு பயந்துபோயி, "வீடியோ கால் கூட வேணாம்"னாராம். மூணு வேளையும் கூழு, மோர் சோறு, எளநீர். உப்பு கூட பேருக்குத்தான்.

மாமனார் வஞ்சிரம் குடுத்தனுப்புனாரு. முழு மீனு. வாசன வாசப்படி வரைக்கும் வந்துச்சி. என் காதாலயே கேட்டேன், சங்கரி போன்ல பேசினத.

"அப்பா, அம்மை போட்ட வூட்ல கவுச்சி ஆவாதுப்பா. இத அப்டியே அருணகிரி வூட்டுக்கு அனுப்பிடவா? நடுத்துண்டு அவருக்கு ரொம்பப் புடிக்குமாம்."

படுத்த எடத்துலருந்து நான் போட்ட சத்தத்த, அம்மை வேதனைன்னு நெனச்சி சியாமளா அக்கா ரெண்டு எளநீர் எக்ஸ்ட்ரா அனுப்புனாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த நாள்ல எனக்கு அதிர்ஷ்டம் அடிச்சிகினே இருந்துது. அக்கா ஒரு நாள் மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சி, கிண்ணம் நெறைய எடுத்துகினு என் மூஞ்சிக்கு நேரா வந்தாங்க. பச்சப் புண்ணுல அது பட்டா என் கதி? கத்தப் போறேன். அதுக்குள்ள சங்கரி குறுக்க பூந்து கிண்ணத்த புடுங்கிட்டா.

"அக்கா, மூஞ்சில வேணாம். கால்ல பூசலாம்."

"ஏண்டி, மூஞ்சிலதானே கீது?"

"எங்க ஊருப் பக்கம் கால்லருந்துதாங்கா எறக்குவாங்க."

முட்டி வரைக்கும் மஞ்சள் காலோட படுத்துகினு, மாமல்லபுரத்து வழக்கத்துக்கு மனசார நன்றி சொன்னேன்.

டாக்டர் குடுத்த ஆயின்மெண்ட் இருக்குதே, அத பாத்ரூம்ல வாளிக்குப் பின்னாடி ஒளிச்சி வெச்சிருந்தேன். திருட்டுத்தனமா தடவுவேன். தீர்ந்துபோச்சே, இன்னா பண்றதுன்னு பிதுக்கி பிதுக்கிப் பாத்துட்டு வெச்சேன். மறுநாள் பாத்தா டியூபு கும்முனு கீது. நல்ல கம்பெனி போலன்னு நெனச்சேன்.

அரிப்பு ஆரம்பிச்சிது. கை தானா மேல போவும். எங்கருந்தாவது சங்கரி கை வந்து படார்னு ஒரு அடி வுழும். "பிக்காத! தானா உரியும்!" அம்மையப் பத்தி இவளுக்கு இவ்ளோ தெரியுமான்னு ஆச்சரியப்பட்டேன். பழுப்பு பழுப்பா உரிஞ்சி, உள்ளருந்து ரோஸ் கலர்ல புதுத் தோலு எட்டிப் பாத்துச்சி. கண்ணாடில பாத்தேன். பள்ளமெல்லாம் மொத்தமா போவல. ஆனா சர்வீஸ் ரோடு மெயின் ரோடு ஆயிருந்துது! கை தட்டலாம்னு தோணுச்சி. சகலை, வர்றேன்டா.

அப்பதான் குண்டு வெடிச்சிது.

மூணாவது தண்ணி ஊத்தி முடிச்ச அன்னிக்கு, சியாமளா அக்கா தேங்காய் பூ பழத் தட்டோட வந்தாங்க. கண்ணு கலங்கியிருக்குது.

"ஷ்யாமு, உன் பொண்டாட்டி தெய்வம்டா. உனக்காக கருங்குழி மாரியாத்தாவுக்கு இன்னா வேண்டிகினா தெரியுமா?"

"இன்னாங்கா, பொங்கலா?"

"முடி."

நான் சங்கரியப் பாத்தேன். இடுப்பு வரைக்கும் தொங்குற ஜடை. எனக்கு மனசு உருகிப்போச்சி.

"சங்கரி! எனக்காக உன் முடியவா குடுக்கற? வேணாம்மா!"

"எனக்கா அம்மை வந்துச்சி?"ன்னா சங்கரி.

கை தானா என் தலைக்குப் போச்சி. காடு. கருங்காடு. நான் ஜெயிச்ச ஒரே எடம்.

"முடியாது! சங்கரி, கேளு! இது அம்மையே இல்ல! லேசர்!"

"ஐயோ, பெனாத்துறானே"ன்னாங்க அக்கா. "சூடு மண்டைக்கு ஏறிடுச்சிடி."

"பெனாத்தலக்கா! கிளினிக்ல பண்ணது! கார்பன் டை ஆக்சைடு! ஃப்ராக்ஷனல்!"

"அடியே சங்கரி! ஆத்தா இங்கிலீஷ் பேசுறாடி!"

அக்கா டபால்னு வுழுந்து கும்புட்டாங்க. எந்திரிச்சி கற்பூரத்த ஏத்தி என் மூஞ்சிக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்துனாங்க. "தாயே, வந்ததுதான் வந்த, எம் பையனுக்கு எப்ப வேல கெடைக்கும்னு சொல்லிட்டுப் போ!"

"எனக்கு இன்னாக்கா தெரியும்!"

"கோவமா கீறா"ன்னு அக்கா ரெண்டு அடி பின்னால போயி நின்னுகினாங்க.

சங்கரி கைகூப்பி, தலையக் குனிஞ்சி நின்னா. தோளு ரெண்டும் குலுங்குது. பக்தியாக்கும்.

"சங்கரி, நீயாவது நம்பு. நான் பெங்களூரே போவல. மூஞ்சிக்கு லேசர் பண்ணிக்கத்தான் போனேன்."

நிமிந்து என்னப் பாத்தா. கண்ணுல தண்ணி நிக்குது.

"நீயா? மூஞ்சில இன்னா கீது, மனசுதான் அழகுன்னு எனக்கு அரமணி நேரம் சொன்ன ஆளு நீ. தோலு வெறும் உறைன்னு சொன்ன ஆளு நீ. பொண்டாட்டிக்கு அப்டி சொல்லிட்டு, தான் மட்டும் திருட்டுத்தனமா போயி பண்ணிகினு வர்ற அளவுக்குக் கேவலமானவனா எம் புருஷன்?"

யோசிச்சிப் பாருங்க. "இல்ல"ன்னா முடி போச்சி. "ஆமா"ன்னா மானம் போச்சி. முடியப் பாத்தேன், மானத்தப் பாத்தேன். மானம் எப்டியும் முன்னாடியே கொஞ்சம் கொட்டித்தான் கீது.

"ஆமா! கேவலமானவன்தான்! போதுமா!"

"சேச்சே"ன்னு என் வாயப் பொத்துனா. "காய்ச்சல்ல பேசுற. எம் புருஷன் அப்டிப்பட்டவர் இல்லக்கா."

கடைசி ஆயுதம். ஜோஷ்வாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன்.

"மச்சான்! உண்மைய சொல்லு! என்ன எங்கடா கூட்டினு போன? லேசருக்குத்தானே?"

அந்தப் பக்கத்துலருந்து நெஞ்ச நிமித்துகினு ஒரு கொரல் வந்துச்சி.

"லேசரா? இன்னா லேசரு மச்சான்? நீ பெங்களூர்ல ட்ரெயினிங்ல தானே இருந்த?"

"டேய்! சொல்லுடா! நானே சொல்றேன், சொல்லுடா!"

"புரியுது மச்சான். பக்கத்துல சங்கரி தங்கச்சி நிக்குதா? கவலப்படாத. என்ன வெட்டிப் போட்டாலும் பெங்களூர்தான்."

வெச்சிட்டான். வாழ்க்கைல மொத தடவையா ஒரு சத்தியத்தக் காப்பாத்துனான், பாவி.

அக்கா பாத்துக் குடுத்த நல்ல நாளு, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, கருங்குழிக்குப் போனோம். கத்தி நெத்திலருந்து ஆரம்பிச்சிது. காடு கத்தையா மடில வுழுந்துது. சங்கரி பக்கத்துல நின்னுகினு, என் தோள்ல கை வெச்சி மெதுவா சொன்னா:

"முடில இன்னா கீது ஷ்யாமு? மனசுதான் அழகு."

அந்த வார்த்தைய எங்கியோ கேட்ட மாதிரி இருந்துது. தலைல பச்சத் தண்ணிய ஊத்துனதால யோசிக்க முடியல.

(மேனேஜர் மறுபடியும். "நெட்வொர்க் பிரச்சனை"ன்னு போட்டுட்டேன். முடிச்சிடறேன்.)

கல்யாணம். மாமல்லபுரத்துல, கடலப் பாத்த மாதிரி புல்தரைல மேடை. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளாவது, என் மூஞ்சியப் பாத்து நல்லா கீதுன்னானா? இல்ல! வர்ற கூட்டம் மொத்தமும் என் புருவத்துக்கு மேலதான் பாக்குது.

"இன்னாப்பா மாப்ள, மொட்ட?"

"வேண்டுதல்."

"எதுக்குப்பா?"

"அம்மை."

"அப்டியா! மூஞ்சில ஒரு தழும்பு கூட புதுசா இல்லியே. எல்லாம் பழசுதான் கீது."

மாமனார் வந்து என் மண்டைய உள்ளங்கையால ஒரு தடவு தடவுனாரு. "இப்பதான் மாப்ள நமக்குப் பாலிஷ் ஏறிகீது"ன்னு, சந்தோஷமா போயிட்டாரு.

சகலை போட்டோ. அருணகிரியும் நானும். யாரோ மேக்கப்காரன் அவன் முடிய இஸ்து இஸ்து எப்டியோ நிக்க வெச்சிருக்கான். கடக்காத்துல ஒரு முடி ஆடல. என் மொட்ட பக்கத்துல நின்னா எந்த முடியும் காடுதான். அவன் என் காதாண்ட குனிஞ்சி, "ரொம்ப தேங்க்ஸ் அண்ணாத்த. இந்த முடிய நெனச்சித்தான் ராத்திரி பூரா தூக்கமே வரல. நீங்க பக்கத்துல நிக்கவும் தைரியமா கீது"ன்னான். மனசாரத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியல.

"மச்சான், ஒரு அடி பின்னால போ"ன்னான் ஜோஷ்வா. "ஃபிளாஷ் உன் மண்டைல பட்டு என் கண்ணுக்கே திரும்பி வருது."

மேடைய வுட்டு எறங்கி ஒரு சேர்ல பொத்துனு உக்காந்தேன். சங்கரி பக்கத்துல வந்து உக்காந்தா. பட்டுப் பொடவ. மல்லி. அப்பதான் பாத்தேன். கன்னத்துல அந்த மங்கு நல்லா வெளுத்துப் போயிருந்துது.

"சங்கரி, உன் மூஞ்சி..."

"நல்லா கீதா? டாக்டர் சுஜாதா கிரீம் குடுத்தாங்க. எனக்கு லேசரே வேணாமாம், கிரீமே போதுமாம். இன்னும் கொஞ்ச நாள்ல சுத்தமா கொறையுமாம். உன் ஆயின்மெண்ட் டியூபும் அவங்களாண்டதான் கேட்டு வாங்குனேன்."

சேர்லருந்து பாதி எந்திரிச்சிட்டேன்.

"உ... உனக்கு எப்டி..."

"நீ சன்ஸ்கிரீன கவுண்டர்லயே வுட்டுட்டு ஓடிட்டியாம். அன்னிக்கு சாயங்காலமே கிளினிக்லருந்து எனக்கு போன் வந்துச்சி. வீட்டு ஆளுன்னு என் நம்பரத்தானே குடுத்த?"

வெயில் பந்தலத் தாண்டி எங்க மேல எறங்க ஆரம்பிச்சிது. சங்கரி கைப்பைய தொறந்து அந்த சன்ஸ்கிரீன எடுத்து என் கைல வெச்சா.

"இந்தா, மண்டைக்கும் சேத்து தடவிக்கோ. டாக்டர் மூஞ்சிக்கு மட்டும்தான் போடச் சொன்னாங்க. அப்போ உனக்கு முடி இருந்துது."